ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது பேர்

வேலாங்குறிச்சியின் தலைக்கணக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் வந்து நின்று ஒன்பது வருஷமாகிறது. ஒரு ஆள் கூடினால் ஒரு ஆள் குறைந்தது, ஒரு ஆள் குறைந்தால் ஒரு ஆள் கூடியது, இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது, கம்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக ஓடுகிறதில்லையா என்று ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உழவுக்கும் சந்தைக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

கிழக்குத் தெருவில் காலையில் ஒரு பிள்ளை பிறந்தால், பொழுது சாய்வதற்குள் மேற்குத் தெருவில் ஒருவனுக்குப் பட்டாளத்திலிருந்து உத்தரவு வரும், அல்லது ஒருத்தி மனசுக்குப் பிடித்தவனோடு பஸ் ஏறிவிடுவாள், இரண்டும் நடக்காவிட்டால் யாராவது ஒருவர் குளித்துவிட்டு வந்து சற்றே தலை சாய்க்கிறேன் என்று படுத்தவர் அப்படியே போய்ச் சேருவார். யாராவது செத்தாலோ, பாடை கட்டி முடிவதற்குள் பஸ்ஸிலிருந்து சட்டி பானையோடு முன்பின் தெரியாத ஒரு ஆள் இறங்கி, இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்பார். அரசாங்கத்தின் கணக்கு என்று ஒன்று தனியாக இருந்தது, அது தன்பாட்டுக்கு ஏறும் இறங்கும், அதை யார் மதித்தார்கள். ஊர் மதித்தது தலைக்கட்டு நோட்டை.

கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளையும் ஒரு தலைக்கட்டு. அவன் பேருக்குக் கீழே பெண்டாட்டி, பிள்ளைகள், வயசான தாய் தகப்பன் எல்லாம் வரிசையாக வருவார்கள். புருஷன் செத்தவள் கொழுந்தன் பேருக்குக் கீழே போவாள், இல்லையென்றால் மகன் பேருக்குக் கீழே. பஸ்ஸில் வந்து இறங்கிய அறியாத ஆள்கூட அன்றைக்குச் சாயங்காலமே ஒரு தலைக்கட்டாகிவிடுவான். இந்த நோட்டை எழுதிவந்தவர் தவசியாண்டி. அவருடைய அப்பாவும் அதைத்தான் எழுதினார், நோட்டை இடுக்கிக்கொண்டே பிறந்தவர் மாதிரிதான் தவசியாண்டி நடப்பார்.

கணக்கு நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தது நோட்டு அல்ல, இலைதான். அய்யனாருக்கு மண்குதிரை செய்து புரவி எடுத்து முடிந்ததும் மூன்று நாள் விருந்து நடக்கும், நோட்டில் உள்ள எல்லாத் தலையும் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தாக வேண்டும், அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு பந்தியில் ஓர் இலை காலியாக இருந்தாலும் சோறு விழக்கூடாது. பந்திக்குப் பன்னிரண்டு இலை போட்டார்கள், கடைசிப் பந்தியில் ஓர் இலைக்கு ஆளில்லை. மறுவருஷம் பத்துப் போட்டார்கள், ஓர் இலைக்கு ஆளில்லை. அதற்கடுத்த வருஷங்களில் ஒன்பது, எட்டு, பதினொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டும் கடைசிப் பந்தியில் ஓர் இலை பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. ஒரு வருஷம் ஏழு போட்டார்கள், அதில் ரெண்டே ரெண்டு பேர் உட்கார்ந்து ஐந்து இலை காலியாகப் போயிற்று, அதற்குப் பழையதே தேவலை என்று பன்னிரண்டுக்கே திரும்பினார்கள். சாப்பிட்டு முடித்த பூசாரியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து இன்னொரு தடவை உட்கார வைத்தார்கள், பாவம், விருந்து முடிந்து ஒரு வாரம் அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைவார்.

ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் வைரவநாதன் ஒரு கோடை லீவு முழுக்க உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு வந்து, இது பகா எண் என்றார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் இதை மீதியில்லாமல் வகுக்க முடியாது, எண்பத்தொன்பதை எண்பத்தொன்பதால் பெருக்கினாலே இதைத் தாண்டிவிடுகிறது, அதனால் எண்பத்தெட்டு வரைக்கும் வகுத்துப் பார்த்தேன், ஒன்றும் வேகவில்லை என்றார். இரண்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பகா எண்ணாக எழுதிக்கொண்டு வந்தால் சரியாக ஆயிரமாவதாக நிற்பது இதுதான் என்றும் சொன்னார். பிரிக்க வழியில்லாத கணக்கு நகரவும் வழியில்லாமல் சிக்கிக்கொண்டது என்பது அவர் கட்சி. கேட்டுக்கொண்டிருந்தவர்கள், சரி வாத்தியாரே, இலைக்கு என்ன செய்யலாம் என்றார்கள்.

இந்தக் கணக்கின் பாரமெல்லாம் வந்து விழுந்தது லில்லிபுஷ்பத்தின் தலையில். அவள் அந்த ஊருக்கு நர்ஸாக வந்து முப்பத்தொரு வருஷம். சாத்தான்குளம் பக்கத்துக்காரி. புருஷன் வேறொருத்தியோடு பம்பாய்ப் பக்கம் போய்விட்ட மூன்றாம் மாசம், கைப்பிள்ளை ரூபியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் ஒரு ட்ரங்குப் பெட்டியை இறக்கினாள், அந்தப் பெட்டி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஊரில் நாற்பது வயசுக்கு உட்பட்டவர்களில் பாதிப்பேரின் முதல் அழுகையைக் கேட்டது அவள் காதுதான். எல்லாரும் அவளை நர்ஸம்மா என்பார்கள், பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. புரவியெடுப்பு விருந்தின்போது வெயிலில் மயங்கி விழுகிறவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டு வேம்படியில் நிற்பாள், அவள் பங்குச் சோறு தூக்குவாளியில் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடும்.

கணக்கு நின்ற முதல் வருஷம் அவள் நூற்றுப்பதினொரு பிள்ளைகளைக் கையில் வாங்கினாள், ஒவ்வொன்றையும் வாங்கும்போது இதற்கு யார் போகப் போகிறார்களோ என்று வாசல் பக்கம் பார்த்தாள். பள்ளிக்கூடத் தெருவில் இரட்டைப் பிள்ளை பிறந்த அன்று ஒரே வீட்டில் அண்ணன் தம்பி ரெண்டு பேர் கிணற்றில் விழுந்து போனார்கள். அந்தக் கிணற்றடியில் நின்றபோதுதான் அவளுக்கு அது பிடிபட்டது: பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே யாராவது தானாக ஊரைவிட்டுப் போய்விட்டால் யாரும் சாக வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு பாக்கெட் நோட்டு வாங்கினாள். யார் வீட்டில் எத்தனையாவது மாசம், யார் வழிவிடப் போகிறார்கள் என்று எழுத ஆரம்பித்தாள், அதற்கப்புறம் அவளுக்கு நிம்மதியான தூக்கம் என்பது இல்லாமல் போயிற்று.

எட்டாம் மாசமானால் வீடு வீடாகப் போய், உங்க வீட்டிலிருந்து இந்தத் தடவை யாராவது வழிவிட முடியுமா என்று கேட்பாள். கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உண்டு, சாபம் விட்டவர்கள் உண்டு, என் மகனை அனுப்பிவிட்டாயே பாவி என்று மண்ணை வாரித் தூற்றிய தாயே மறுவருஷம் மருமகளின் பிரசவத்துக்கு வந்து காலைப் பிடித்ததும் உண்டு. போனவர்கள் எல்லாரும் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் சேர்ந்து ஒரே தெருவில் வீடு எடுத்துத் தங்கினார்கள், அந்தத் தெருவுக்கே வேலாங்குறிச்சித் தெரு என்று பேர் வந்துவிட்டது. ஊரில் யாராவது செத்தால் முறை வைத்து ஒருவர் திரும்பலாம், சட்டி பானையோடு அறியாத ஆள் வந்து இறங்குவதற்குள் ஓடிவந்து சேர வேண்டும். ஆகவே தினமும் காலையில், அவள் பல் விளக்கி முடிப்பதற்குள், திருப்பூரிலிருந்து போன் வரும்.

"நர்ஸம்மா, யாராச்சும் போயிட்டாங்களா?"

"இல்லப்பா. எல்லாரும் நல்லாருக்காங்க."

இந்தப் பதிலைச் சொல்லும்போது எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்கும், அதைக் கேட்டுக் கேட்டே அவள் கிழவியாகிவிட்டாள். அறுபது ஆகப் போகிறது, இன்னும் ஒரு மாசத்தில் ஓய்வு. தலையணையில் தலை வைத்தால் எழுந்திருக்கவே கூடாது என்று இருந்தது, செத்துப்போக வேண்டும் என்பதல்ல, யாரும் எதுவும் கேட்காத ஒரு இடத்தில் படுத்துக் கிடக்க வேண்டும்.

அப்போதுதான் ரூபி பெட்டியோடு வந்து இறங்கினாள். நாலு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடிக்குக் கட்டிக்கொடுத்த பெண், ரெண்டு கர்ப்பம் தங்காமல் போய், இது மூன்றாவது, எட்டாம் மாசம். முதல் பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று மாமியார் வளையல் போட்டு அனுப்பிவிட்டாள். டாக்டர் பிரயாணம் கூடாது என்றதையும் கேட்காமல், எங்கம்மா கை பட்டால்தான் இந்தப் பிள்ளை தங்கும் என்று ரூபி பிடிவாதமாக வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்த கடைத்தெரு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தது. வந்தது ஒரு ஆள், வரப்போவது ஒரு ஆள், ஆக ரெண்டு பேர் போக வேண்டும்.

மறுநாள் மத்தியானமே அய்யனார் கோயில் பொட்டலில் ஊர் கூடிவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. பாக்கெட் நோட்டில் அந்த மாசத்துக்கு ஒன்பது பேர் எழுதியிருந்தது, ஒன்பதும் ஒன்பது கர்ப்பிணிகளுக்குச் சரியாகப் போயிற்று, மேற்கொண்டு வழிவிட ஆளில்லை, இது உங்களுக்கே தெரியும், மகளை வேறே எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று தவசியாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முத்திருளாண்டி என்று தொண்ணூற்றொரு வயசுக்காரர் ஒருவர் இருந்தார், நான் வேணும்னா போறேன் என்று அவரே கை தூக்கினார், ஆனால் இன்னொரு ஆளுக்கு எங்கே போவது. லில்லிபுஷ்பத்துக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. பிள்ளையார் மேடையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைக்கும்போது நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது.

ரூபியை வழியனுப்பிவிட்டு அன்றைக்கு அவள் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் போன இடத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று பார்க்க ஒரு ஆசை, அந்த ஆளுக்குக் காப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்திருந்தாள். மூன்று பஸ் வந்தது, அன்னியர் யாரும் இறங்கவில்லை. ஊருக்குள் பிறப்பும் இல்லை, இருந்திருந்தால் அவளுக்குத் தெரியாமலா. வேறு வழியாக யாராவது வந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள், அப்போதும் அசதிதான். நேற்று ரூபி வந்து இறங்கியும் பொழுது சாய்வதற்குள் யாரும் போகவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, அந்த நோட்டைக் கொஞ்சம் வாசிங்க" என்றாள்.

"எந்தப் பக்கத்தை நர்ஸம்மா?"

"முதல்லேருந்து. நானும் எம் மகளும் எந்தத் தலைக்கட்டுல இருக்கோம்னு பாக்கணும்."

தவசியாண்டி வாசிக்க ஆரம்பித்தார். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் தலைக்கட்டு, ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் கீழே மூன்று பேர் நாலு பேர். அவர் பேரைப் படிக்கப் படிக்கக் கூட்டத்தில் இருந்தவர்கள் இருக்கேன் இருக்கேன் என்றார்கள், வராதவர்களுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவள் கையில் பிறந்தவர்கள் எல்லாரும் நோட்டில் வந்தார்கள். போன வருஷம் சட்டி பானையோடு இறங்கிய சைக்கிள் ரிப்பேர்க்காரர் வந்தார், அவர் பெண்டாட்டி வந்தாள், அவர் கூட்டிவந்த மாமியாரும் வந்தாள். பேர் நோட்டில் இருந்துவிட்டால் ரூபி இன்றைக்கே வெளியே போக வேண்டும், இல்லாமல் போனால் ரூபி தங்கலாம். இது லில்லிபுஷ்பத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும், ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் என் பேர் வந்துவிடாதா, ஒரு ஓரத்திலாவது, அடித்து எழுதியாவது இருந்துவிடாதா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது, அதற்காக மகளிடம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். வெயில் இறங்கி வேம்பின் நிழல் பொட்டல் முழுக்க நீண்ட நேரத்தில் தவசியாண்டி கடைசிப் பக்கத்துக்கு வந்தார். கூட்டிப் பார்த்தார்கள், ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அவள் பேர் இல்லை.

தவசியாண்டி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆம்பளையில்லாத வீட்டை எந்தத் தலைக்கட்டுல எழுதுறது... அதோட அரசாங்கத்து ஆளு, இன்னைக்கு இருப்பாங்க நாளைக்கு மாறிப் போவாங்கன்னு எங்கப்பா எழுதாம விட்டிருக்காரு. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"முப்பத்தொரு வருஷமா அண்ணாச்சி?"

லில்லிபுஷ்பம்தான் எழுந்து, நாங்கள் இந்த ஊர்க் கணக்கிலேயே இல்லை, இல்லாதவள் மகள் வந்தாலும் இல்லாதவள் பேரப்பிள்ளை பிறந்தாலும் யாரும் போக வேண்டியதில்லை, பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்றாள்.

சரியாக இருபத்தாறாம் நாள் காலை பதினோரு மணிக்கு ரூபிக்குப் பெண் பிறந்தது. என்னதான் சொன்னாலும் பயம் விடுமா, அன்றைக்கு ஊரில் ஒருவரும் கிணற்றடிக்குப் போகவில்லை, மரம் ஏறவில்லை, மாட்டை அவிழ்க்கவில்லை. முத்திருளாண்டி குளித்து வெள்ளை வேட்டி கட்டி நெற்றி நிறையத் திருநீறு பூசி வடக்கே பார்த்துக் கட்டிலில் தயாராகப் படுத்துக்கொண்டார், பேரன் பேத்திகள் சுற்றி உட்கார்ந்து அவர் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது, கஞ்சி இருக்கிறதா என்றார். மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை, மூன்றாம் நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் யாரையும் தள்ளிவிடாமல் வந்த முதல் பிள்ளை அதுதான், அதைப் பார்க்க ஊரே ஜவ்வரிசியும் பேரீச்சம்பழமுமாகக் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றது.

கூட்டம் கலைந்ததும் தவசியாண்டி நோட்டும் பேனாவுமாக வந்தார், கூடவே வைரவநாதன் வாத்தியார். வாத்தியாருக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. நர்ஸம்மாவைச் சேர்த்தால் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, அது ரெண்டால் வகுபடும், மூன்றால், நாலால், ஐந்தால், ஆறால் வகுபடும், எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு எல்லாவற்றாலும் வகுபடும், எந்தப் பந்தியிலும் இலை மிஞ்சாது, இத்தனை வருஷமாக அந்த இலை காலியாகக் கிடந்தது உங்களுக்காகத்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னார். கணக்கு பிரிந்துவிட்டால் சிக்கும் விட்டுவிடும், திருப்பூரில் கிடக்கிறவர்கள் எல்லாரும் வீடு திரும்பலாம் என்றார்.

"உங்க பேர்லயே ஒரு தலைக்கட்டு" என்றார் தவசியாண்டி. "பொம்பளை பேர்ல இதுவரைக்கும் எழுதினதில்ல. எழுதுறேன். உங்க பேரு மட்டும் சொல்லுங்க."

அவருக்கு அவள் பேர் தெரியாது. அவருடைய மூன்று பிள்ளைகளையும் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"சிக்கு விடலேன்னா வாத்தியாரே? என்னை எழுதினதுக்கு ஒரு ஆளு போகணும்னு ஆயிட்டா?"

அப்படியும் ஆகலாம் என்று வாத்தியார் மெதுவாக ஒப்புக்கொண்டார்.

"அப்ப வேண்டாம்" என்றாள். "எனக்கு அசந்துபோச்சு அண்ணாச்சி. நான் வந்த அன்னைக்கு நீங்க எழுதியிருந்தா, சாகுற வரைக்கும் இங்கேயே கிடந்திருப்பேன். இப்ப எழுதாதீங்க. நான் போனா யாரும் வர வேண்டாம், வந்தா யாரும் போக வேண்டாம். இந்த ஊர்ல அப்படி ஒரே ஒரு ஆளு நான்தான், அதையாவது எனக்கு விட்டுக் கொடுங்க."

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து பாக்கெட் நோட்டை எடுத்தாள். யாருக்கு எத்தனையாவது மாசம், யார் முறை, திருப்பூர்க்காரர்களின் போன் நம்பர், எல்லாம் இதில் இருக்கிறது, தினமும் காலையில் போன் வரும், இனிமேல் உங்கள் நம்பருக்கு வரச் சொல்லியிருக்கிறேன் என்று தவசியாண்டியின் கையில் வைத்தாள். உள்ளங்கை அகல நோட்டுதான். அவர் அதை வாங்கிப் பெரிய நோட்டின் மேல் வைத்துக்கொண்டு, கனக்கிறதே என்கிற மாதிரி ஒரு தடவை அவளைப் பார்த்தார்.

ஓய்வு உத்தரவு வந்த மூன்றாம் நாள் காலை ட்ரங்குப் பெட்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றினார்கள். வழியனுப்ப ஊர் முழுக்க வந்திருந்தது. சிலர் அழுதார்கள், அழுதது பொய்யில்லை, அது அவளுக்கும் தெரியும். பஸ் புறப்படுகிற நேரத்தில் தவசியாண்டியின் சட்டைப் பையில் போன் அடித்தது, எடுத்துக் காதில் வைத்தவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இல்லப்பா, எல்லாரும் நல்லாருக்காங்க என்று சொல்வது ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டது. அவருக்கு அதற்குள்ளேயே குரல் கம்மியிருந்தது. அந்த பஸ்ஸிலிருந்து அன்னியர் யாரும் இறங்கவில்லை. அந்த வருஷ விருந்தில் கடைசிப் பந்தியின் காலி இலைக்கு யாரும் பூசாரியை இழுத்துவரவில்லையாம், காலி இலையிலும் சோற்றை வைத்து, குழம்பை ஊற்றி, அது ஆறுகிற வரைக்கும் மற்ற பதினொரு பேரும் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். அதெல்லாம் அவள் பிற்பாடு கேள்விப்பட்டது.

அன்றைக்குப் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட் போட்டு முடித்துவிட்டு, பின்னாலிருந்து பேனாவை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். இளைஞர், அவசரக்காரர், உதடு மட்டும் அசைந்தது. ஜன்னலோரம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ரூபியின் தலைக்கு நேரே பேனா வந்தது, நாப்பத்தேழு என்றார். அடுத்து அம்மாவின் தலைக்கு நேரே வந்தது, நாப்பத்தெட்டு.

"தம்பி" என்று லில்லிபுஷ்பம் அவரை நிறுத்தினாள். "என்னையும் சேத்துத்தானே?"

எண்ணிக்கை தவறிப்போன எரிச்சலில் அவர் திரும்பிப் பார்த்தார். "சேக்காம? நீங்க பஸ்ஸுலதானேம்மா இருக்கீங்க?"

சரி தம்பி என்றாள். அவர் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார், மறுபடி பேனா அவள் தலைக்கு நேரே வரும்வரை அவள் கண்ணீரைத் துடைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், வந்து போனதும் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனாள். தூத்துக்குடி வந்து ரூபி தோளைத் தொட்டு எழுப்பும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.